பேங்க்ல 15,000, கவர்ல 30,000... வரிக் கணக்கில் எதைக் காட்டுவது?

மாதத்தின் ஐந்தாம் தேதி. ஈரோட்டில் ஒரு மொத்த ஜவுளிக் கடை. அங்கே பத்து வருடமாகக் கணக்கு எழுதும் பெண்ணுக்கு வயது 38. காலையிலேயே அவர் போனுக்கு மெசேஜ் வந்துவிடும்: அக்கவுன்ட்டில் 15,000 ரூபாய் வரவு. சாயந்திரம் கடை சாத்தும் நேரத்தில் முதலாளி மேஜை டிராயரைத் திறந்து ஒரு பழுப்பு கவரை எடுத்து நீட்டுவார். அதில் 30,000 ரூபாய் ரொக்கம். சம்பளம் மொத்தம் 45,000. ஆனால், கடையின் கணக்குப் புத்தகத்தில் அவர் 15,000 ரூபாய்க்காரர்தான். அந்தக் கணக்கை எழுதுவதும் அவரேதான்!

"அண்ணா, முழுச் சம்பளத்தையும் பேங்க்லயே போட்டுடலாமுங்களா?" என்று ஒருநாள் தயங்கித் தயங்கிக் கேட்டும் பார்த்தார்.

"முழுசும் பேங்க்ல போட்டா உங்களுக்கு டாக்ஸ் வந்துரும் அம்மிணி. உங்க நல்லதுக்குத்தான் இப்படி..." என்றார் முதலாளி. அதற்கு மேல் அவர் எதுவும் கேட்கவில்லை.

இந்தப் பெண் ஓர் உதாரணம்தான். ஆனால், இவரைப் போன்றவர்கள் ஜவுளிக் கடை, நகைக் கடை, ஓட்டல், கிளினிக், பள்ளிக்கூடம், பனியன் கம்பெனி என எல்லா இடங்களிலும் இருக்கிறார்கள். சிலருக்குக் கவர், சிலருக்கு முதலாளியின் மனைவி அக்கவுன்ட்டிலிருந்து ஜிபே. முழுச் சம்பளமும் ரொக்கமாகவே வாங்குபவர்களும் உண்டு. வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்யும் ஜூலை மாதம் வந்தால் இவர்கள் எல்லோருக்கும் ஒரே சந்தேகம்தான்... எந்தத் தொகையைக் காட்டுவது? பேங்கில் வந்ததையா, கையில் வந்ததையும் சேர்த்தா?

சட்டத்தின் பதில் ஒரே வரி: சேர்த்துத்தான். ஆனால், அப்படிச் சேர்த்துக் காட்டினால் முதலாளி பயமுறுத்திய அந்த வரி உண்மையிலேயே வருகிறதா என்பதுதான் இங்கே பார்க்க வேண்டிய விஷயம்.

ரொக்கச் சம்பளம் குற்றமா?

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். சம்பளத்தை ரொக்கமாகக் கொடுப்பதோ வாங்குவதோ தன்னளவில் குற்றம் அல்ல. ரூபாய் நோட்டாகவும் சம்பளம் கொடுக்கலாம் என்றுதான் சம்பளச் சட்டம் சொல்கிறது. கொடுத்ததைக் கணக்கில் எழுதாமல் மறைப்பதுதான் தவறு. அந்தத் தவறு தொடங்குவது முதலாளியிடம்.

ஆனால், 'அவர் எழுதவில்லை, அதனால் எனக்கும் பொறுப்பு இல்லை' என்று ஊழியர் ஒதுங்கிவிட முடியாது. சம்பளத்தில் வரி பிடித்து அரசுக்குக் கட்டுவது, அதாவது டி.டி.எஸ், முதலாளியின் கடமை. அவர் பிடிக்காமல் விட்டால், அந்த வரியை நேரடியாகக் கட்டும் பொறுப்பு சம்பளம் வாங்கியவருக்கு வந்துவிடுகிறது. 1961-ம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தில் இது தெளிவாகவே இருக்கிறது. 2026 ஏப்ரல் 1 முதல் புதிய வருமான வரிச் சட்டம் அமலுக்கு வந்துவிட்டாலும், இந்த அடிப்படை மாறவில்லை.

கணக்கைப் போட்டுப் பார்ப்போம்

ஈரோட்டுப் பெண்ணின் 2025-26 நிதியாண்டுச் சம்பளத்தை எடுத்துக்கொள்வோம். மாதம் 45,000 என்றால் வருடத்துக்கு 5,40,000 ரூபாய். புதிய வரி முறையில் சம்பளக்காரர்களுக்கு நிரந்தரக் கழிவு 75,000 ரூபாய். மீதி 4,65,000. முதல் 4 லட்சத்துக்கு வரி இல்லை. மிச்சமுள்ள 65,000 ரூபாய்க்கு 5% என்றால் 3,250 ரூபாய்.

இந்த 3,250-ஐயும் அவர் கட்ட வேண்டியதில்லை. வரிக்குரிய வருமானம் 12 லட்சம் ரூபாய் வரை இருந்தால், புதிய வரி முறையில் 60,000 ரூபாய் வரை வரித் தள்ளுபடி உண்டு. ஆக, அவர் கட்ட வேண்டிய வரி பூஜ்யம்!

நிரந்தரக் கழிவையும் சேர்த்தால், வேறு வருமானம் இல்லாத சம்பளக்காரருக்கு வருடம் 12,75,000 ரூபாய் வரை வரி இல்லை. மாதக் கணக்கில் ஒரு லட்சத்துக்கும் மேல். கவரில் சம்பளம் வாங்கும் பெரும்பாலானோர் இந்த எல்லைக்கு வெகு தூரம் கீழேதான் இருக்கிறார்கள். "உங்களுக்கு டாக்ஸ் வந்துரும்" என்ற வார்த்தை அவர்கள் விஷயத்தில் உண்மை இல்லை.

அப்படியானால் அந்தக் கவரால் யாருக்கு லாபம்? கணக்கில் எழுதாத சம்பளத்தைக் கணக்கில் எழுதிய பணத்திலிருந்து கொடுக்க முடியாது. பில் போடாமல் விற்ற சரக்கின் பணம்தான் பெரும்பாலும் கவராக மாறுகிறது. அந்த விற்பனைக்கு ஜி.எஸ்.டி இல்லை, லாபத்துக்கு வருமான வரி இல்லை. 15,000 என்ற எண்ணும் தற்செயலானது அல்ல. பி.எஃப் கட்டாயமாகப் பிடிக்கப்படும் சம்பளத்தின் உச்சவரம்பு அதுதான். மிச்சமாவது முதலாளியின் வரி. அதற்குக் காரணமாகச் சொல்லப்படுவது மட்டும் ஊழியரின் நன்மை.

கவரில் வராமல் போகும் பணம்

ஊழியருக்கு வரி மிச்சம் இல்லை என்பதோடு விஷயம் முடிவதில்லை. நஷ்டமும் இருக்கிறது. ஆனால், அது மாதாமாதம் தெரிவதில்லை. ஏதாவது ஒரு நாள் மொத்தமாகத் தெரியும்.

கிராஜுவிட்டி: பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் இடத்தில், தொடர்ந்து 5 வருடம் பணிசெய்தவருக்கு வேலையை விடும்போது கிடைக்க வேண்டிய தொகை இது. கடைசியாக வாங்கிய மாதச் சம்பளத்தை 26-ஆல் வகுத்து, 15-ஆல் பெருக்கி, பணிசெய்த வருடங்களால் பெருக்க வேண்டும். 15,000 ரூபாய்ச் சம்பளத்துக்கு 10 வருடத்துக்கு 86,538 ரூபாய் வரும். 45,000-மும் முறையான அடிப்படைச் சம்பளமாக எழுதப்பட்டிருந்தால் 2,59,615 ரூபாய். வித்தியாசம் 1,73,077 ரூபாய்.

பேறுகால விடுப்பு: முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26 வார விடுப்பு உண்டு. அந்த நாள்களுக்கான தொகை, பெண் வாங்கிவந்த சராசரி தினச் சம்பளத்தை வைத்துக் கணக்கிடப்படுகிறது. ஏட்டில் இருப்பது 15,000 என்றால், அந்த ஆறு மாதமும் வீட்டுக்கு வருவது பெரும்பாலும் அந்த 15,000 மட்டும்தான். கவர் நின்றுவிடும்.

வீட்டுக் கடன்: பேங்க் மேனேஜர் கேட்பது சம்பள வரவு, ஃபார்ம் 16, வருமான வரி ரிட்டர்ன். கவரை அவர் பார்க்கப் போவதில்லை. 45,000 சம்பாதிப்பவர் 15,000 ரூபாய்க்கான கடனுக்குத்தான் தகுதி பெறுவார். மீதிக்கு வட்டிக்காரர்.

விபத்து: சொல்லக் கஷ்டமாக இருந்தாலும், குடும்பம் தெரிந்துகொள்ள வேண்டியது இதைத்தான். சாலை விபத்தில் ஒருவர் இறந்தால், அவர் சம்பாதித்துவந்த வருமானத்தை வைத்தே இழப்பீடு கணக்கிடப்படுகிறது. சொந்தச் செலவுக்கு என்று ஒரு பங்கைக் கழித்து, மீதி வருட வருமானத்தை வயதுக்கேற்ற எண்ணால் பெருக்குவார்கள். 36 முதல் 40 வயதுக்கு அந்த எண் 15 என 2009-ல் உச்ச நீதிமன்றம் வகுத்திருக்கிறது. அவரை நம்பி இரண்டு மூன்று பேர் இருந்தால் கழிப்பது மூன்றில் ஒரு பங்கு.

இப்போது அந்தக் கவரில் இருந்த 30,000 ரூபாயை மட்டும் கணக்குப் போடுங்கள். வருடத்துக்கு 3,60,000. மூன்றில் ஒரு பங்கு போக 2,40,000. அதை 15-ஆல் பெருக்கினால் 36 லட்சம் ரூபாய். எதிர்கால வருமான உயர்வு, மற்ற இனங்கள் எல்லாம் இதற்கு மேல். காட்டாத வருமானத்தை அந்தக் குடும்பம் தீர்ப்பாயத்தில் நிரூபிக்கத் தடுமாறினால், தொலையக்கூடியது இவ்வளவு பெரிய தொகை. அப்போது முதலாளி வந்து, "மாதம் 30,000 கவரில் கொடுத்தேன்" என்று சாட்சி சொல்வாரா?

ரிட்டர்னில் எப்படிக் காட்டுவது?

50 லட்சம் ரூபாய் வரை வருமானம் உள்ள சாதாரணச் சம்பளக்காரர்களுக்கு ஐ.டி.ஆர்-1 படிவம் போதும். சம்பளம் என்ற தலைப்பின் கீழ் முழுத் தொகையையும், அதாவது 5,40,000 ரூபாயைக் குறிப்பிட வேண்டும். பேங்கில் வந்தது, கையில் வந்தது என்று பிரித்துக் காட்டத் தேவையில்லை. ஃபார்ம் 16 இல்லாவிட்டாலும் ரிட்டர்ன் தாக்கல் செய்யலாம். அதோடு சம்பளக் கணக்கு ஒட்டி அனுப்பும் வேலையும் கிடையாது. 

இங்கே இரண்டு இடங்களில் கவனம் தேவை.

வருமான வரித் துறையின் இணையதளத்தில் லாகின் செய்ததும் சில விவரங்கள் ஏற்கெனவே நிரப்பப்பட்டிருக்கும். முதலாளி சொன்னதும் பேங்க் சொன்னதும்தான் அதில் இருக்கும். அதை அப்படியே ஓகே செய்துவிடாமல், உண்மையான சம்பளத்தைத் திருத்தி எழுத வேண்டும். ஃபார்ம் 16-ல் இருப்பதைவிட அதிகமாகக் காட்டுவதில் தவறு இல்லை.

இரண்டாவது, 'இதை டியூஷன் வருமானம்னு போட்டுடலாம், டெய்லரிங்னு காட்டிடலாம்' என்று சிலர் யோசனை சொல்வார்கள். வேண்டாம். சம்பளம் என்றால் சம்பளம்தான். வேறு பெயரில் காட்டினால் பொய்த் தகவல் தந்த பழி வரும். நாளைக்கு கிராஜுவிட்டியோ இழப்பீடோ கேட்கும்போது, உங்கள் ரிட்டர்னே உங்களுக்கு எதிராக நிற்கும்.

தாக்கல் செய்த 30 நாள்களுக்குள் ஆதார் ஓ.டி.பி மூலம் சரிபார்ப்பை முடித்துவிட வேண்டும். அதை மறந்தால் தாக்கல் செய்ததே கணக்கில் வராது.

எல்லைக்கு மேலே இருப்பவர்கள்

எல்லோருக்கும் வரி பூஜ்யம் ஆகிவிடாது. பேங்கில் 60,000, கையில் 60,000 என மாதம் 1,20,000 வாங்கும் ஒரு மேனேஜரை எடுத்துக்கொள்வோம். வருடத்துக்கு 14,40,000. நிரந்தரக் கழிவு போக 13,65,000. இதற்கு வரி 84,750 ரூபாய். 4% செஸ் சேர்த்தால் 88,140 ரூபாய். முதலாளியின் ஏட்டில் அவர் சம்பளம் 7,20,000-தான் என்பதால், டி.டி.எஸ் ஒரு பைசாகூடப் பிடித்திருக்க மாட்டார்கள். 88,140 முழுவதையும் மேனேஜரே கட்ட வேண்டும்.

வருடத்தில் கட்ட வேண்டிய வரி 10,000 ரூபாயோ அதற்கு மேலோ என்றால் முன்கூட்டியே தவணையில் கட்ட வேண்டும். ஜூன் 15-க்குள் 15%, செப்டம்பர் 15-க்குள் 45%, டிசம்பர் 15-க்குள் 75%, மார்ச் 15-க்குள் முழுவதும். தவறினால் மாதம் 1% என வட்டி ஏறும். இந்த மேனேஜர் செய்ய வேண்டிய எளிய காரியம், கவர் வந்த அன்றே 7,350 ரூபாயைத் தனியாக எடுத்துவைப்பது. வாங்கும்போது முழுசாகச் செலவழித்துவிட்டு மார்ச் மாதத்தில் நகையை அடகு வைப்பதில் அர்த்தம் இல்லை.

கடந்த வருடங்களில் காட்டாமல் விட்டவர்களுக்கு 'அப்டேட்டட் ரிட்டர்ன்' என்ற வழி இருக்கிறது. மதிப்பீட்டு ஆண்டு முடிந்ததிலிருந்து 4 வருடம் வரை அவகாசம். கட்ட வேண்டிய வரியும் வட்டியும் சேர்ந்து 1 லட்சம் என்றால், முதல் வருடத்துக்குள் வந்தால் கூடுதலாக 25,000 கட்ட வேண்டும். இரண்டாம் வருடம் 50,000, மூன்றாம் வருடம் 60,000, நான்காம் வருடம் 70,000. சீக்கிரம் போவதே லாபம். பழைய வருடங்களில் வரி விலக்கின் எல்லை வேறு என்பதால், இதை மட்டும் ஓர் ஆடிட்டரிடம் காட்டிச் செய்வது நல்லது.

காட்டாமலே இருந்தால்?

கவர் பணத்தைச் செலவழித்துவிடுபவருக்கு உடனடியாக எதுவும் நடக்காமல் போகலாம். சேர்த்துவைப்பவருக்குத்தான் சிக்கல். சேமிப்புக் கணக்குகளில் ஒரு வருடத்தில் 10 லட்சம் ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாகச் செலுத்தினால் பேங்க் வருமான வரித் துறைக்குத் தகவல் சொல்லிவிடும். குறிப்பிட்ட வரம்புக்கு மேல் மதிப்புள்ள இடத்தைப் பதிவு செய்தால் சார்பதிவாளர் அலுவலகத்திலிருந்து தகவல் போகும். 'பணம் எங்கிருந்து வந்தது?' என்று நோட்டீஸ் வரும்போது, 'பத்து வருடமாகச் சம்பளத்தில் சேர்த்தது' என்று வாயால் சொன்னால் போதாது. 1961-ம் ஆண்டுச் சட்டப்படி, விளக்கம் சொல்ல முடியாத பணத்துக்கு வரி, சர்சார்ஜ், செஸ் எல்லாம் சேர்த்து 78%. இதற்கு 12 லட்ச ரூபாய்த் தள்ளுபடி எதுவும் கிடையாது.

வரியே கட்டத் தேவையில்லாத நேர்மையான உழைப்பின் பணம், காட்டாத ஒரே காரணத்தால் கறுப்புப் பணமாகிவிடுகிறது.

வேறு இரண்டு தில்லுமுல்லுகள்

"டி.டி.எஸ் பிடிச்சுக்கிட்டு மீதியைத்தான் தர்றோம்" என்று சொல்லிவிட்டு, பிடித்த வரியை அரசுக்குக் கட்டாமல் விடும் முதலாளிகளும் உண்டு. இணையதளத்தில் உங்கள் 26ஏ.எஸ் படிவத்தைப் பார்த்தால் தெரிந்துவிடும். இப்படி நடந்திருந்தால், பிடித்த வரியை மறுபடியும் ஊழியரிடம் கேட்கக் கூடாது என்கிறது சட்டம். 2015-ல் மத்திய நேரடி வரிகள் வாரியமும் அதிகாரிகளுக்கு இதையே அறிவுறுத்தியது. ஆனால், பிடித்ததற்கான சம்பள ரசீது உங்கள் கையில் இருக்க வேண்டும்.

இன்னொன்று தலைகீழ் கணக்கு. பேங்கில் 40,000 போட்டுவிட்டு, 'பதினஞ்சைத் திருப்பிக் கொடு' என்று ரொக்கமாக வாங்கிக்கொள்வது. சில தனியார் கல்வி நிறுவன ஆசிரியர்களுக்கு இது புதிதல்ல. இதில் வரிக் கணக்கில் வரும் சம்பளம் 40,000-தான். திருப்பிக் கொடுத்ததற்குக் கழிவு கிடைக்காது. அதனால், ஏ.டி.எம் கார்டையோ கையெழுத்திட்ட செக்கையோ நிர்வாகத்திடம் கொடுத்துவைக்காதீர்கள். ஒவ்வொரு முறையும் எவ்வளவு, யாரிடம், என்றைக்குக் கொடுத்தீர்கள் என்று எழுதிவையுங்கள்.

முதலாளியிடம் எப்படிப் பேசுவது?

'நான் முழுசும் காட்டினா அவருக்குத் தெரிஞ்சுடுமா? வேலை போயிடுமா?' என்பதுதான் எல்லோர் மனதிலும் இருக்கும் பயம். உங்கள் ரிட்டர்னின் நகல் முதலாளிக்குப் போகாது. பின்னாளில் வருமான வரித் துறை அவரிடம் விளக்கம் கேட்கும் வாய்ப்பு இல்லை என்று சொல்லிவிட முடியாது. ஆனால், அப்படி விசாரணை வரும் நாளில் உண்மையைக் காட்டியவராக இருப்பது நல்லதா, மறைத்தவராக இருப்பது நல்லதா?

நேரடியாகச் சண்டைக்குப் போக எல்லோராலும் முடியாது. வீட்டு வாடகையும் பிள்ளைகளின் ஃபீஸும் அந்தக் கவரில்தான் இருக்கின்றன. அதனால், இன்க்ரிமென்ட் நேரத்தில் மெதுவாகக் கேட்கலாம். "கவர்ல இருக்கறது அப்படியே இருக்கட்டுமுங்கண்ணா, இந்தத் தடவை கூட்டறதை மட்டும் பேங்க்ல போடுங்க. வீட்டு லோனுக்குக் கேக்கறாங்க" என்பது மறுக்கச் சிரமமான கோரிக்கை. 2025 நவம்பர் 21-ல் அமலுக்கு வந்த தொழிலாளர் சட்டத் தொகுப்புகள், நியமனக் கடிதத்தையும் சம்பள ரசீதையும் முதலாளியின் கடமையாக்கியிருக்கின்றன. அதையும் பேச்சுவாக்கில் சொல்லிவைக்கலாம்.

அதுவரை, செலவில்லாத சில காரியங்கள் உண்டு. கவர் வாங்கிய அன்றே ஒரு டைரியில் தேதியும் தொகையும் எழுதுங்கள். அந்தப் பணத்தை மறுநாளே உங்கள் அக்கவுன்ட்டில் கட்டிவிட்டு, செலவுக்கு அங்கிருந்து எடுங்கள். மாதாமாதம் ஐந்தாம் தேதியை ஒட்டி 30,000 வரவு இருந்தால் அது சம்பளம் என்று யாருக்கும் புரியும். சம்பளம் பற்றி முதலாளி அனுப்பிய வாட்ஸ்அப் மெசேஜை அழிக்காதீர்கள். உமங் ஆப்பில் பி.எஃப் பாஸ்புக்கை அடிக்கடி பாருங்கள். ஜூலை 31-க்குள் முழுச் சம்பளத்தையும் காட்டி ரிட்டர்ன் தாக்கல் செய்து, அதன் நகலை வீட்டில் இன்னொருவருக்கும் தெரியும் இடத்தில் வையுங்கள்.

அந்த ஈரோட்டுப் பெண் பத்து வருடமாகக் கடையின் கணக்கை ஒரு பைசா பிசகாமல் எழுதிவருகிறார். அடுத்த ஐந்தாம் தேதி கவர் கைக்கு வந்ததும், அவர் தன் கணக்கையும் எழுதத் தொடங்கலாம்.